யாருக்கு அந்த மாத்திரை

அப்பா இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "தங்கமான மனுஷன். ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட வாய் திறந்து சொல்ல மாட்டாரு." மீதிப் பாதிப் பேர் அதையே அழுதுகொண்டு சொன்னார்கள். ஊருக்கு அது பெரிய குணம். அந்தக் குணத்தோடு ஒரே வீட்டில் குடியிருந்த எங்கள் கதியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் அப்பா மருந்துக் கடை வைத்திருந்தார். முறையாகப் படித்த ஃபார்மசிஸ்ட். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். பக்கத்திலேயே அண்ணாமலையார் படமும் இருந்தது. இரண்டுக்கும் தினமும் பூ உண்டு.

குடும்பத்தின் மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் தம்பிகளும் வரிசையாக நிற்க, தன் கையாலேயே விளக்கெண்ணெய் ஊட்டுவார். அன்றைக்கு வேறு எங்கேயும் போக மாட்டார். எங்கே போவது, வீட்டில் இருப்பது ஒரு கக்கூஸ், அதற்கு மூன்று பேர் போட்டி; நியாயம் தீர்க்க அவர் இருக்க வேண்டாமா? கடையில் கலக்கித் தரும் மருந்து மிக்ஸ்சர் பாட்டிலில் வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரம் வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய் பாட்டிலிலும் அது ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு கோடு. என் கூந்தலுக்கு ஜாஸ்தி வேண்டும் என்று அம்மா எவ்வளவோ வாதாடியும் கோடு இறங்கவில்லை.

பத்தாவது முடித்ததும் என்னைக் கடையில் உட்கார வைத்தார். முன்னால் இல்லை, பின்னால். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் நான். மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டுவது என் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் என்னைப் பார்க்க முடியாது, நான் எல்லாரையும் பார்க்கலாம்.

அப்பா மருந்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லவே மாட்டார். "பாப்பா, மூணாவது தட்டு, ரெண்டாவது டப்பா, முப்பது" என்பார். கடையில் பத்துப் பேர் நின்றாலும் யாருக்கு என்ன வியாதி என்று பக்கத்து ஆளுக்குத் தெரியாது. டாக்டர் சீட்டை அவர் ஒருவர்தான் பிரித்துப் பார்ப்பார், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்குத் தட்டு தெரியும், டப்பா தெரியும், சீட்டில் இருக்கும் பெயர் மட்டும் தெரியாது. ஊரில் கல்யாணம் பேசுகிறவர்கள் நைசாக வந்து, "அந்தப் பையன் வீட்ல யாருக்காவது ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "தலைவலி மாத்திரை எல்லார் வீட்லயும் வாங்கறாங்க" என்பார். கேட்டவருக்கே அப்போது தலை வலிக்கத் தொடங்கியிருக்கும்.

மூணாவது தட்டு ரெண்டாவது டப்பாவில் இருந்தது வலிப்பு மாத்திரை. திருவண்ணாமலைக்காரர் யாரும் அதை எங்கள் கடையில் வாங்கியதில்லை. அவர்கள் வேலூருக்குப் போய் வாங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் எங்களிடம் வந்து வாங்கினார்கள். எல்லா ஊர்க்காரர்களும் இப்படியே பஸ் ஏறி ஏறி ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். மாதாமாதம் அப்படி வருகிறவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. அந்த மாத்திரை முப்பது வாங்கி மடியில் செருகிக்கொண்டு, யாரோ துரத்துவது போலப் போவார்.

எனக்கு இருபது வயதானபோது தரகர் ஒருவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம், பையன் உரக் கடையில் வேலை. எங்களைப் பற்றி அங்கே என்ன சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. பெண்ணின் அப்பா மருந்து இலாகாவில் பெரிய ஆபீசராம். சந்துக் கடையை இலாகாவாக உயர்த்திய அந்தப் புண்ணியவானை மறக்க முடியாது.

பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு அறைக்குள் வந்து, தலையைக் கொஞ்சமாக நிமிர்த்தினேன். பச்சைத் துண்டு பெரியவர்தான் பையனின் அப்பா.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தபடி, வாயில் வைத்த பஜ்ஜியைக் கடிக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவோ புதிதாகப் பார்ப்பவர் போலக் கை கூப்பினார். "வாங்க, பஸ்ஸெல்லாம் சவுகரியமா இருந்துதுங்களா?"

"இருந்துதுங்க" என்றார் பெரியவர்.

"ஆபீசர் வீடுன்னாலும் எவ்ளோ எளிமை!" என்றார் தரகர்.

பையனை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பார்த்த அளவில் மூக்கும் முழியுமாக இருந்தார். பார்க்க முடியாதது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த மாத்திரை யாருக்கு? பெரியவருக்கா, அவர் மனைவிக்கா, இந்தப் பையனுக்கா?

அவர்கள் போனதும் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பையன் எப்படி?"

"நல்ல குடும்பம்."

"அது தெரியாதா? அந்த ஊர்க்காரங்க உங்க கடைக்கு வர்றாங்களே, ஏதாவது கேள்விப்பட்டீங்களா?"

"கடை விஷயம் கடையோட."

"பெத்த பொண்ணுக்குக் கூடவா?" என்றாள் அம்மா. "பொண்டாட்டிக்குச் சொல்ல மாட்டீங்க, பொண்ணுக்குச் சொல்ல மாட்டீங்க. அந்தக் கண்ணாடி அலமாரியையே கட்டிக்கிட்டிருக்கலாமே!"

அப்பா கை கழுவப் போய்விட்டார். பதில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் அவர் கை கழுவுவார். எங்கள் வீட்டில் சோப்பு சீக்கிரம் கரைந்தது.

எனக்குத் தெரிந்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்திருக்கும். அப்பாவிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்ட வியாதி அது. மறுநாள் கடையில், திரைக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கும் தைரியம் இல்லை.

"அப்பா, அந்த மாத்திரை அவங்க வீட்ல யாருக்கு?"

வெளியே பாட்டில் துடைக்கும் சத்தம் நின்றது.

"சீட்டைக் காட்டின ஆளு என்னை நம்பிக் காட்டினாரு, பாப்பா."

"நானும் உங்களை நம்பித்தானே இருக்கேன்?"

கடையில் கை கழுவக் குழாய் இல்லாததால், துடைத்த பாட்டிலையே திரும்பத் துடைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்கப் பொட்டலங்களை இறுக்கிக் கட்டினேன். பிரிக்க எத்தனை பேர் திண்டாடினார்களோ. வீட்டில் அம்மா சம்மதமா என்று கேட்டபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கூச்ச சுபாவத்தால் வரும் பெரிய கஷ்டமே இதுதான், மறுப்பும் சம்மதம் மாதிரியே தெரியும்.

நாலாம் நாள் அப்பா கடையைப் பூட்டினார். தீபத் திருவிழாக் கூட்டத்தில் ஊரே மூச்சு முட்டும்போதுகூட, கொப்புளம் வெடித்த காலோடு வருகிறவர்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் கடை அது. "ஒரு வேலை இருக்கு" என்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பி வந்து, எதுவும் நடக்காதது போலச் சாப்பிட்டார். அங்கே என்ன பேசினார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப் போவதில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கடைக்கு அந்தப் பையன் வந்தார். பெரியவர் வரவில்லை, தரகரும் இல்லை. அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து, திரையை ஒரே இழுப்பில் முழுக்க விலக்கினார். நான் மறைய இடமில்லாமல் பொட்டலக் காகிதத்தோடு விழித்தேன்.

"பாப்பா, வந்தவங்களுக்கு நீயே பார்த்துக் கொடு. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

அப்பா டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. டீ குடித்தால் பித்தம் என்று ஊருக்கே உபதேசம் செய்பவர்.

பையன் சீட்டை மேஜை மேல் வைத்தார். மடிக்கவில்லை. நன்றாக விரித்து, பெயர் என் பக்கம் தெரியும்படி வைத்தார். அவர் பெயர்தான்.

"எனக்குத்தாங்க" என்றார். "பன்னண்டு வயசுல ஆரம்பிச்சுது. இப்ப மூணு வருஷமா ஒரு தடவைகூட வரல. மாத்திரைய நான் நிறுத்தல. எங்கப்பாதான் மறைச்சுட்டாரு, நான் மறைக்கச் சொல்லல. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

என் கை தானாக மாத்திரையை எண்ணியது. இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது முறை முப்பது வந்தது. பொட்டலத்தை நீட்டியபோது, தினமும் அப்பா சொல்லிக் கேட்டதுதான் வாயில் வந்தது.

"வெறும் வயித்துல போடாதீங்க."

"சரிங்க" என்றார், பெரிய டாக்டரே சொன்னது போல. இத்தனை வருஷம் கழித்தும் அவரிடம் அதையேதான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை கேட்ட மரியாதையோடு அப்புறம் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் போய் வெகு நேரம் கழித்து அப்பா வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்பா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"அடுத்த மாசம் அவங்க அப்பா அம்மாவையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்."

அப்பா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏற்கெனவே வரிசையாக இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். மேல் தட்டு முடிந்து நடுத் தட்டுக்கு வந்தார். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். மருந்து நெடி என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைத்துக்கொள்வதுதான் இருவருக்கும் வசதியாக இருந்தது.

அன்று நாங்கள் சாப்பிட வீட்டுக்குப் போகவே மூன்று மணி ஆகிவிட்டது. "ஏன் இவ்ளோ நேரம்?" என்று அம்மா கேட்டாள்.

"கடையில கூட்டம்" என்றார் அப்பா.

காலையிலிருந்து வந்தது ஒரே ஒரு ஆள்.