பித்தளைச் சட்டம்

என் அப்பா சவரிமுத்து முத்தியால்பேட்டையில் சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துபவர். கடல்மீனை வீட்டிலேயே வளர்த்துக் காட்டுகிறேன் என்று மீன்பிடிக்கும் சூசை மாமாவிடம் சவால் விட்டு, கண்ணாடித் தொட்டி செய்யத் தொடங்கினார்.

"தேக்குச் சட்டம் போட்டு, படகுக்கு அடைக்கிற மாதிரி குங்கிலியம் காய்ச்சி அடைக்கலாம்னு பாக்குறேன். படிச்சவன், நீ என்னாடா சொல்ற?" என்றார்.

1934ஆம் வருடம் அது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பித்தளை போடுங்கப்பா. துருப்பிடிக்காது."

அப்பா தேக்கை ஒதுக்கிவைத்தார். தொட்டியில் கடல்தண்ணீர் ஊற்றி மீன் விட்ட மூன்றாம் நாள் பித்தளை மூலைகளில் பச்சை படர்ந்தது. ஐந்து மீன்களும் செத்து மிதந்தன. அதே கடல்தண்ணீர் ஊற்றிய மண்பானையில் விட்டிருந்த இரண்டு மீன்கள் மட்டும் நீந்திக்கொண்டிருந்தன.

மாமா சிரித்தார். "என்னா மச்சான், கருவாடு போடவா தொட்டி கட்டுன?"

"புள்ள சரியாத்தான் சொன்னான். என் கைதான் சரியில்ல," என்றார் அப்பா.

பானையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, கொன்றது பித்தளைதான் என்று. அப்போதும் நான் சொல்லவில்லை. மறுநாள் அப்பா சட்டத்தைக் கழற்றி, புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்து, மறுபடியும் அதையே பொருத்தினார்.