புலி கொளஞ்சியும் ஈட்டி வரிசையும்

வேப்பந்தட்டை பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த கொளஞ்சியை யாரும் வெறும் கொளஞ்சி என்று கூப்பிட்டதில்லை. புலி கொளஞ்சி. பக்கத்தில் பெரியசாமியின் டீக்கடை. அதன் வாசல் கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருந்தது. கொளஞ்சி புலிக்காய்தான் ஆடுவான். ஆட்டுக்காயை நீட்டினால், "நான் என்ன ஆடு மேய்க்கவா வந்தேன்?" என்று எகிறுவான். ஊரில் அவனுக்கென்று இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது. திருச்சியில் பழைய சாமான் கடையிலிருந்து பெரியசாமி ஒரு அட்டைப்பெட்டி வாங்கிவந்தார். உள்ளே பழங்காலப் போர் விளையாட்டு. கட்டம் போட்ட பலகை, இரண்டு படை, குதிரைகள், ஆளைவிட நீளமான ஈட்டி பிடித்த காலாட்கள். எதிரித் தளபதியைப் பிடித்தால் வெற்றி. ஈட்டிக்காரர்கள் தோளோடு தோள் நின்றால் முன்பக்கம் நெருங்கவே முடியாது. பக்கவாட்டில் எவனாவது புகுந்தால் அத்தனை பேரும் காலி. கல்லும் மேடுமான கட்டத்தில் கால் வைத்தாலும் வரிசை சிதறிவிடும்.

கொளஞ்சி ஈட்டிக்காரர்களையும் புலியாக நினைத்துப் பாயவிட்டான். வரிசையாகச் செத்தார்கள். பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த வேம்பு ஆட்டுக்காய் ஆடிப் பழகியவன். புலி தாண்ட முடியாதபடி ஆடுகளை அடைப்பது போலவே ஈட்டிக்காரர்களை நெருக்கி நிறுத்தினான். இரண்டு பக்கமும் குதிரையைக் காவல் வைத்து, சமதரையில் மெல்ல நகர்த்தினான். எதிரி ஈட்டி முன்னால் திணறும்போது ஒரு குதிரையைச் சுற்றிவிட்டுப் பின்னாலிருந்து அடித்தான். எல்லா ஆட்டமும் அவனுக்கே. டீ குடிக்க வந்தவர்கள் 'ஈட்டி வேம்பு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கொளஞ்சிக்கு வயிறு எரிந்தது. வேம்புவின் விசில் சத்தம் கேட்டாலே பஞ்சர் ஒட்டுகிற கை நின்றுவிடும். அந்த பஸ் நடுக்காட்டில் நின்றுபோகாதா என்றுகூட நினைத்தான்.

சாப்பிட உட்கார்ந்து வேம்புவைப் பற்றிப் புலம்பியவனிடம் மனைவி மலர்க்கொடி சொன்னாள்: "அவரு மாதிரியே நீங்களும் ஆடுங்களேன்."

"ஆட்டுக்காய் மாதிரியா?"

"செயிக்கணும்னா வேற வழி என்ன இருக்கு?"

ஆடிப் பதினெட்டு அன்று டீக்கடை வாசலில் கூட்டம். "இன்னிக்கு செயிக்கிறவன்தான் இந்தக் கடைக்குப் புலி" என்று பெரியசாமி அறிவித்துவிட்டார். கொளஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையைக் காத்தான். பாயவில்லை. வேம்புவின் படை கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் தளபதியும் ஒற்றைக் குதிரையும்தான் மிச்சம். இன்னும் கொஞ்சம் பொறுமையாக நகர்ந்தால் போதும், பேர் திரும்பிவிடும்.

அப்போது கூட்டத்தில் ஒருவன், "தோக்குறப்பவும் என்னமா ஆடுறான் பாரு வேம்பு!" என்றான்.

கொளஞ்சிக்கு ரத்தம் தலைக்கேறியது. பக்கவாட்டில் காவல் நின்ற குதிரையைப் பிடுங்கி, வேம்புவின் தளபதியை நோக்கிப் பாயவிட்டான். ஒரு கட்டம் எட்டவில்லை. காவல் போன பக்கம் வேம்புவின் ஒற்றைக் குதிரை புகுந்தது. ஈட்டிகள் எல்லாம் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நின்ற கொளஞ்சியின் தளபதி பிடிபட்டான்.

வேம்பு காய்களைப் பெட்டியில் அடுக்கினான். "அண்ணே, அந்தக் குதிரை நின்ன எடத்துலயே நின்னுருந்தா நான் காலி. நீங்கதாண்ணே எப்பவும் புலி" என்றான். அதில் நக்கல் இல்லை, மனசாரத்தான் சொன்னான்.

தோற்றதைக்கூடக் கொளஞ்சி தாங்கியிருப்பான். இந்தப் பாவி நல்லவனாகவும் இருக்கிறானே என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.