சாம்பல் புதனன்று வந்த பெட்டிகள்

"மார்ச் 5, சாம்பல் புதன். காலை 10.40: ஸ்பீக்கர் இரண்டு, சப்வூஃபர் ஒன்று வந்து சேர்ந்தன. ஸ்பீக்கரின் மரப்பெட்டி நீளம் ஐந்தடி இரண்டங்குலம். மதியம் 1.15: மாமா கஞ்சி வேண்டாம் என்றார்."

என் நோட்டில் இவை அடுத்தடுத்து இருக்கின்றன. எழுதியபோது ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

மாமா என்பது என் மனைவியின் அப்பா. மரக்காணத்தில் சொந்தமாக உப்பளம் வைத்திருந்தவர். போன ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு குழறலாக, சின்னச் சின்னதாக வரும். உப்பளத்தை ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. குளியலறைக்குப் பக்கம் என்பதால் அவர் கட்டிலை ஹாலில் போட்டோம். மனைவி பள்ளிக்கூட டீச்சர். காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வருவாள். ஜூனில் ஓய்வுபெற்ற நான் வீட்டில் இருக்கிறேன். ஆகஸ்டிலிருந்து வாரநாளில் மெடிக்கல் ஷாப்பைத் தாண்டி நான் போனதில்லை. போய்த் திரும்பப் பதினான்கு நிமிடம். அதற்குமேல் அவரைத் தனியாக விட முடியாது.

வெளியே போக முடியாதவன் உள்ளே எதையாவது கொண்டுவரலாம் என்று நினைத்தேன். ஒலியியல் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மனைவி வீட்டிலிருந்த மூன்று ஞாயிறுகளில் புதுச்சேரிக்குப் போய், ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்தபடி ஸ்பீக்கர் கேட்டேன். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரையால் ஆனதென்றால் உப்புக்காற்றில் நாலைந்து வருடத்தில் உதிர்ந்துவிடும் என்று ரப்பர் வளையமாகத் தேர்ந்தெடுத்தேன். சப்வூஃபர் துளையில்லாத, மூடிய வகை. சின்ன ஹாலில் அதன் அடித்தொனி குமுறாமல் நிற்கும். கடைக்காரர் ரூம் எப்படி என்று கேட்டார். "பதினெட்டுக்குப் பதினொண்ணு. நடுவுல ஒருத்தர் படுத்திருக்கார்" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 20 அன்று அனுப்புவதாகச் சொன்னார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்க அதிலிருந்து பதின்மூன்று நாள் இருந்தது. எங்கள் வீட்டில் தபசு காலத்தில் பாட்டு கிடையாது, டிவியும் கிடையாது. மாமா வைத்த சட்டம் அது. இந்த வருடம் அப்பா எழுந்து நடக்க வேண்டும் என்று மனைவி அதை நேர்ச்சையாகவே செய்திருந்தாள். பதின்மூன்று நாள் எனக்குப் போதும் என்றிருந்தேன். பெட்டிகளோ அது தொடங்கும் சாம்பல் புதனன்றே வந்தன.

வண்டிக்காரர்கள் இருவர் முதல் மரப்பெட்டியை நீளவாக்கில் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, பக்கத்து வீட்டம்மா நெற்றியில் சாம்பலோடு பூசை முடிந்து வந்துகொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ ஏசுவே! பொட்டி வந்துடுச்சா? எப்ப ஆச்சு? எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே!"

"பாட்டுப் பொட்டிங்க."

"தூ! உசுரே போயிடுச்சு எனக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வாசலிலிருந்து கட்டில் பத்தடி.

அவர்கள் போன பிறகு மாமா கூப்பிட்டார். "மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அளவு... எடுக்காமயே வாங்கிட்டியா?"

எனக்குப் புரியவில்லை. அவர் இடது கையால் சுவரோரம் காட்டினார். "ரெண்டு எதுக்கு? இன்னொண்ணு யாருக்கு?"

அப்போதுதான் புரிந்தது. புரிந்த வேகத்தில் சிரித்துவிட்டேன். அது தவறு. "ஸ்பீக்கர் மாமா, பாட்டு கேக்கறதுக்கு" என்றேன்.

"அப்ப பாடச் சொல்லு."

"இன்னிக்கு சாம்பல் புதன் ஆச்சே மாமா."

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டவர் போல அவர் கண்ணை மூடிக்கொண்டார். மரப்பெட்டியைப் பிரித்துக் காட்டினால் நம்புவார் என்று அவர் எதிரிலேயே ஆணி கழற்றினேன். உள்ளே இன்னொரு பெட்டி இருந்தது: கறுப்பு, பளபளப்பு, சற்றுச் சின்னது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

வியாழனன்று இரண்டு மடக்கு டீ. வெள்ளியன்று அதுவும் இல்லை. உதட்டுக்குக் கரண்டி போனால் பல்லைக் கடித்துக்கொண்டார். பெட்டிகளை அறைக்குள் தள்ளலாம் என்றால், மறைத்து வைத்தோம் என்று நினைப்பார். கட்டிலின் கால்மாட்டில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகவே நின்றன. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சரியான முக்கோணமாக அமைய அந்த ஹாலில் வேறு இடமும் இல்லை. இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் சமமாக வந்து சேரும் புள்ளி எங்கே என்று நாடாவைப் பிடித்து அளந்தேன். மாமாவின் தலையணையில் விழுந்தது.

வெள்ளி மாலை மனைவியிடம் கேட்டேன். "ஒரே ஒரு பாட்டு. ஞானப்பாட்டாவே போடறேன்."

"நாப்பது நாள்னு நேந்துகிட்டேன். மூணாம் நாளே உடைக்கச் சொல்றீங்களா? நாளைக்கு அப்பா நடக்காமப் போனா நீங்க பதில் சொல்வீங்களா?"

"சாப்பிடாமப் போனா யார் பதில் சொல்றது?"

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிறாள் என்று தெரிந்தது. மாமா சுவரைப் பார்த்தபடி கிடந்தார். எனக்குப் போக இடம் இல்லை.

சனிக்கிழமை வந்த டாக்டர், திங்கள் வரை பார்க்கலாம், இல்லையென்றால் மூக்கு வழியாக டியூப் போட வேண்டியதுதான் என்றார். ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் அந்த டியூபை மாமா இரண்டு முறை பிடுங்கி எறிந்ததும், நல்ல கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டதும் எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது.

அன்று, முன்பே வாங்கி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரின் கையேட்டை முழுவதும் படித்தேன். அதனோடு ஒரு சின்ன மைக் வந்திருந்தது. உட்கார்ந்து கேட்கும் இடத்தில் அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சோதனை இரைச்சல் எழுப்பி, தூரத்தையும் அளவையும் தானே திருத்திக்கொள்ளும். ஞாயிறு பூசைக்குப் பிறகு மனைவியிடம் சொன்னேன்.

"ராகம் இருக்குமா?"

"இருக்காது."

"தாளம்?"

"கிடையாது. வார்த்தையும் கிடையாது. வெறும் இரைச்சல்."

"இரைச்சல் கேக்கவா இவ்ளோ பெரிய பொட்டி?"

அவள் கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 9, மாலை 3.10. மைக்கைத் தலையணை ஓரத்தில் வைத்து பட்டனை அழுத்தினேன். முதலில் இடது ஸ்பீக்கர் இரைந்தது. மாமா கண் திறந்தார். அடுத்து வலது. இரண்டும் இத்தனை சுத்தமாக இரையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு சப்வூஃபர் அடியிலிருந்து உருண்டு எழுந்தது. மேசையிலிருந்த டம்ளர் நடுங்கியது.

"மழ!" என்றார் மாமா.

நான் அசையாமல் நின்றேன்.

"டேய்! தார்ப்பாய எடுங்கடா! உப்பு போவுதுடா!" இடது கை கட்டில் சட்டத்தை அறைந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு அவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. "மாப்ள, மரம் மாதிரி நிக்கிறியே, போன் போடுய்யா!"

"அப்பா, மழ இல்லப்பா, இது இவரோட..." என்று மனைவி ஓடிவந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். குத்தகைக்காரருக்குப் போன் போட்டேன்.

"மழையா? யாருங்க சொன்னது? இங்க வெயில் கொளுத்துது."

போனை வைத்துவிட்டு, "மூடியாச்சு மாமா" என்றேன்.

"கீழண்ட குவியலு?"

"அதையும் மூடிட்டாங்க."

மெல்லத் தலையைச் சாய்த்தார். 3.35க்கு, "பசிக்குது" என்றார். ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதும் போயிற்று. மனைவி ஊட்டினாள்.

பாத்திரம் கழுவும்போது சொன்னாள்: "பொய் சொன்னீங்க."

"ஆமா."

"தபசு காலத்துல."

"பாட்டு போடலியே."

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை, முகம் அந்தப் பக்கம் இருந்தது. டியூப் தேவைப்படவில்லை. ஆனால் மறுநாள் காலை இரைச்சல் இல்லாமல் கஞ்சி கொடுத்தபோது மாமா பெட்டிகளைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். பட்டனை அழுத்தினேன், வாய் திறந்தது. 12ஆம் தேதி உண்மையைச் சொல்லிப் பார்த்தேன்: "அது ஸ்பீக்கர் சத்தம் மாமா, மழை இல்ல." அன்று மதியமும் இரவும் அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு சொல்லவில்லை.

ஆக, நாளுக்கு மூன்று வேளை எங்கள் வீட்டில் மழை பெய்தது. ஏப்ரல் 20 ஈஸ்டர். நேர்ச்சை முடிந்தது, இனி போடுங்கள் என்று மனைவியே சொன்னாள். நான் தேடி வைத்திருந்த வீணை இசையைப் போட்டேன். நான்கு நிமிடம் ஓடியிருக்கும். வாயிலிருந்த கஞ்சியை மாமா துப்பிவிட்டு, "மழ எங்க?" என்றார். நிறுத்தினேன். இன்றுவரை அந்த ஸ்பீக்கர்களில் நான் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. சமையலறை நிலைப்படியில் நின்று இரைச்சலைக் கேட்கிறேன். வலதைவிட இடது ஒரு பொட்டு கூர்மையாக இருப்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. சரிசெய்ய மைக்கை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் மழை மாறிவிடுமோ என்று விட்டுவைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. மே மாதம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது, மார்ச் 9 அன்று நாலு மணி வாக்கில் கீழண்டைப் பாத்திகளில் சில துளிகள் விழுந்ததாகவும், குவியலின் மேல்பக்கம் நனைந்ததாகவும் சொன்னார். ஒரு துளிகூட இல்லை என்கிறார் குத்தகைக்காரர். மழை அளவுப் பதிவைக் கேட்டு வானிலை ஆய்வு மையத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அன்று அங்கே மழை பெய்ததா என்பது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.