வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது

“போன மாசம் நாங்க என்னம்மா முடிவு பண்ணோம்?”

நகராட்சிக் கூட்ட அரங்கின் வாசலில், மரக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. முடிவு எடுத்தவர் அவர். நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள். தெரியவில்லை என்றேன்.

“எனக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, மாடி ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து அவர் கும்பிட்டார். “இதோ வந்துட்டாங்க. இவங்களுக்குத்தான் தெரியும்.”

வந்தவர் நிற்கவில்லை. நடந்துகொண்டே பையிலிருந்து நோட்டை எடுத்தார். “தண்ணித் தொட்டி பாஸு. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை பாஸு. நாய் பிடிக்கிறது அடுத்த கூட்டத்துக்கு.”

“நாய்க்கு நான் ஆதரவா, எதிர்ப்பா?”

“பேசினது எதிர்ப்பு. கை தூக்கினது ஆதரவு.”

“எப்படி எழுதியிருக்கீங்க?”

“தூக்கின மாதிரிதான்.”

இவரை ஊரில் எல்லோரும் மினிட்ஸ் அக்கா என்பார்கள். நகர்மன்றக் கூட்டத்தில் பேசப்படுவதைக் குறித்துக்கொண்டு, பிறகு அதை நடவடிக்கைப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதிவைப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். என் வீட்டுக்கு எதிர்வீடு. பள்ளிப் படிப்பு முடிந்து மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த நாட்களில், “சும்மா நடக்கிறதுக்கு அங்க வந்து உட்காரு, ஃபேனாவது இருக்கு” என்று கூட்டிப்போனவர் அவர்தான்.

அரங்கில் தலைவரின் மேசைக்குக் கீழே, சற்றுத் தள்ளி ஒரு குட்டி மேசை. அதுதான் அக்காவின் இடம். இரண்டு பேனா, இரண்டு நோட்டு. முதல் நோட்டில் பேசுவதைப் பேசியபடியே கிறுக்குவார். அது கரடு. வீட்டுக்குப் போய் அதைச் சலித்து, கல்லும் உமியும் நீக்கி, இரண்டாவது நோட்டில் ஏற்றுவார். உறுப்பினர்கள் வீட்டுக்குப் போவது இந்த இரண்டாவதன் நகல்தான்.

சலிப்பதில்தான் அவர் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருக்கிறது. “குப்பை வண்டி வருமாம் வரும், என் பேரன் கல்யாணத்துக்கு வரும்” என்று ஒருவர் கத்தினால், ‘குப்பை வண்டியின் நேர ஒழுங்கு குறித்து உறுப்பினர் கவலை தெரிவித்தார்’ என்று எழுதுவார். ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினால், ‘உறுப்பினர் இந்தப் பொருளில் குறுக்கிடவில்லை’. ஒரு முறை ஒருவர் கோபத்தில் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். இரண்டு பேர் பாய்ந்து பிடித்தார்கள். அன்றைய குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: ‘அரங்கின் இருக்கைகளை இடம் மாற்றும் யோசனை கைவிடப்பட்டது.’

அக்கா வாய் திறந்து பேசி அரங்கில் யாரும் கேட்டதில்லை. “எழுதுறவ பேசக் கூடாது. பேசினா யார் எழுதுறது?” என்பார். வீட்டில் மட்டும் அந்த அலுவலக மொழி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தெருவில் யாராவது மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல வந்தால் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, “சரி, இது பதிவுல வராது, போ” என்று அனுப்பிவைப்பார்.

அவர் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை கீழ்த்தெருவில் வைத்திருக்கிறார். நாங்கள் இருப்பது மேல்தெரு. இரண்டுக்கும் நடுவே, வீட்டுச் சுவர்களுக்கிடையில் நேராக இறங்குகிற அறுபத்திரண்டு படிகள். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு மழைநாளில் மாமா அதில் வழுக்கி, முழங்கால் போயிற்று. கட்டுப் பிரித்த பிறகு சமதரையில் நன்றாக நடக்கிறார். படி என்றால் கால் உதறுகிறது. ஒரு முறை முயன்று பார்த்தார். ஒன்பதாவது படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஏறித் திரும்பி வந்தார். பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

கடை பூட்டிக் கிடந்தது. வீடு படாத பாடு பட்டது. கெட்டுப்போகாததையெல்லாம் மாமா பழுதுபார்க்க ஆரம்பித்தார். அக்கா சட்னி அரைக்கப் போனால் மிக்சி ஏழு துண்டாகத் தரையில் கிடக்கும்.

“மிக்சிக்கு என்னங்க?”

“ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்கு. பார்த்துட்டேன்.”

“நல்லா இருக்குன்னு பிரிக்காம பார்க்க முடியாதா?”

“அது எப்படித் தெரியும்?”

இதற்கிடையில் கடையின் சொந்தக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் கடை திறக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம். அக்கா கலங்கிப்போய் நான் பார்த்தது அன்றுதான். “அந்தக் கடையை விட்டா இவர் எழுந்திருக்க மாட்டார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்” என்றார்.

படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி போட்டால் தீர்ந்தது. அது நகர்மன்றத்துக்கும் தெரியும். ஐந்து கூட்டமாக அந்தப் பொருள் வந்துகொண்டேயிருந்தது. ஒரு பக்கத்துக்குப் போடத்தான் நிதி. எந்தப் பக்கம் என்பதில் சண்டை. கீழ்த்தெரு உறுப்பினர் நம் மரக்கடைக்காரர். மேல்தெரு உறுப்பினர் மருந்துக்கடை நடத்தும் அம்மா. இரண்டு பேரும் சம்பந்திகள். அவர் மகனுக்கு இவர் மகளைக் கொடுத்திருக்கிறது. கல்யாணப் பந்தலில் ஆரம்பித்த மனத்தாங்கல் கூட்ட அரங்குவரை வந்திருந்தது. அவர் கிழக்கு என்றால் இவர் மேற்கு. மற்ற இருபத்தாறு பேரும் டீ வருகிறதா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொறியாளர் இரண்டு பக்கமும் அளந்து வைத்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைவர் மணியடித்து ஒத்திவைப்பார். அக்கா ஐந்து முறையும் ஒரே வாக்கியத்தை எழுதினார்: ‘கைப்பிடி அமைய வேண்டிய பக்கம் குறித்து மாறுபட்ட கருத்துகள் நிலவியதால் பொருள் ஒத்திவைக்கப்பட்டது.’

ஐந்தாவது முறை ஒத்திவைத்த அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். எங்கள் இஸ்திரிப் பெட்டியை மாமா வாங்கி வைத்திருந்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்று அவரும் சொல்லிவிட்டார், இன்னும் மூடித்தரவில்லை. அக்கா செருப்பைக் கழற்றும்போதே மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அப்படி என்னதான் பேசுவாங்க அவங்க?” என்றார், திருப்புளியைக் கீழே வைக்காமலே.

“மாறுபட்ட கருத்து நிலவுது.”

“நீ எழுதுறதைக் கேக்கலை. அவங்க பேசுறதைக் கேட்டேன்.”

அக்கா கரடு நோட்டை எடுத்து, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படித்தார். மரக்கடைக்காரர் சொன்னது: “நாங்க அறுபத்திரண்டு படி ஏறி வர்றவங்க. மூச்சு வாங்கறவனுக்குத் தெரியும். இடது பக்கம்தான் போடணும்.” மருந்துக்கடை அம்மா சொன்னது: “ஏறுறவன் விழ மாட்டான், இறங்குறவதான் விழுவா. எங்க ஜனம் இறங்குற ஜனம். வலது பக்கம்தான்.”

மாமா ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. திருப்புளியை எடுத்து மேசைமேல் கீழிருந்து மேலாக ஓட்டினார். பிறகு மேலிருந்து கீழாக. திரும்ப ஒரு தடவை.

“ஏய். ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைத்தானேடி சொல்றாங்க.”

அக்கா நம்பவில்லை. எழுந்து நின்று அவரே இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினார். ஐந்து கூட்டத்திலும் அதே ஏறுகிறவர் இடது, அதே இறங்குகிறவர் வலது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஏறுறது இறங்குறதையெல்லாம் சலிக்கிறப்ப நான்தான் எடுத்துட்டேன்” என்றார். “அழகா இருக்கணும்னு.”

மறுநாளே மரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போய்ச் சொல்லிப் பார்த்தார். “அந்தம்மாவும் நானும் ஒண்ணா? வாய்ப்பே இல்லை” என்றார் மரக்கடைக்காரர். “அப்படின்னா அவர் என் பக்கம் வந்துட்டார்னு அவர் வாயாலயே சொல்லச் சொல்லுங்க” என்றார் மருந்துக்கடை அம்மா. அக்கா திரும்பி வந்து, அந்த ஒரு பொருளுக்கு மட்டும் கரடு நோட்டில் இருந்ததை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றினார். “மெமோ வந்தா?” என்று நான் கேட்டேன். “வந்தா அதுக்கும் ஒரு பதில் எழுதுவேன். எழுதத்தானே தெரியும்.”

நகல் எல்லோர் வீட்டுக்கும் போயிற்று. ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. எப்போதும் அப்படித்தான்.

அடுத்த கூட்டம். தலைவர் முன்பு பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர். உட்கார்ந்திருந்தாலும் நிமிர்ந்துதான் உட்காருவார். வழக்கம்போல், “போன கூட்ட நடவடிக்கையை வாசித்ததாக எடுத்துக்கலாமா?” என்றார். எல்லோரும் மேசையைத் தட்டக் கையைத் தூக்கினார்கள்.

“இல்லைங்க” என்றது ஒரு குரல். “வாசிக்கணும்.”

குரல் எங்கிருந்து வருகிறது என்று தலைவர் ஜன்னல் பக்கமெல்லாம் பார்த்தார். கடைசியில்தான் குட்டி மேசையைப் பார்த்தார். அக்கா எழுந்து நின்றிருந்தார். வரி ரசீதைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கமே இல்லாமல் படிக்கத் தொடங்கினார்.

“பொருள் எண் பதினாறு. மரக்கடை உறுப்பினர்: ‘சம்பந்தின்னு பார்க்கிறேன். உங்க வீட்டுக் கல்யாணத்துல பந்தலே ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுது. நீங்க கைப்பிடிக்குப் பக்கம் சொல்றீங்களா?’ மருந்துக்கடை உறுப்பினர்: ‘சாஞ்ச பந்தலுக்கு மரம் உங்க கடை மரம், சம்பந்தி.’”

பின்வரிசையில் யாருக்கோ டீ மூக்கில் ஏறிவிட்டது. மரக்கடைக்காரர் எழுந்தார். “இதையெல்லாமா எழுதுவீங்க?”

“பத்தொன்பது வருஷமா எழுதுறேன். வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை” என்று சொல்லிவிட்டு அக்கா மேலே படித்தார். ஏறுகிறவர் இடது. இறங்குகிறவர் வலது. அந்த இரண்டு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. திடீரென்று அந்தப் பழைய மைதானக் குரல் வந்தது. “சார், நடுவுல வாங்க. வந்து கதவைப் பார்த்து நில்லுங்க. நீங்க படி ஏறுறீங்க. அம்மா, நீங்க வந்து அவரைப் பார்த்து நில்லுங்க. இறங்குறீங்க. சார், உங்க இடது கை, தூக்கு. அம்மா, உங்க வலது கை, தூக்கு.”

இரண்டு கைகளும் தண்ணீர்க் குடம் இருந்த ஒரே சுவரைக் காட்டின.

இருவரும் கையை இறக்காமல் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான் ஆரம்பத்துலேருந்து இதைத்தானே சொல்றேன்” என்றார் மரக்கடைக்காரர். “நான்தான் முதல்ல சொன்னேன்” என்றார் மருந்துக்கடை அம்மா. யார் முதலில் சொன்னது என்று அடுத்த சண்டை கிளம்புவதற்குள் தலைவர் மணியடித்துப் பொருளை நிறைவேற்றிவிட்டார். மெமோ வரவில்லை. மெமோ எழுத வேண்டிய அதிகாரி, தம் கடிதங்களையும் அக்காதான் திருத்தித் தருகிறார் என்பதை நினைத்துப்பார்த்திருக்கலாம்.

கடையின் சொந்தக்காரர் கொடுத்த கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது கைப்பிடி வந்தது. பச்சை வண்ணம் காய்ந்த மறுநாள் காலையில் மாமா கடைச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு கை கம்பியில். பின்னால் அக்கா. அதற்குப் பின்னால் நான். ஒன்பதாவது படியை அவர் கவனிக்காததுபோல் தாண்டினார். நாங்களும் கவனிக்காததுபோல் இருந்தோம்.

முப்பதாவது படிக்கு அருகில் வழி அடைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் மருந்துக்கடை அம்மா கம்பியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். கீழிருந்து மரக்கடைக்காரர் அதே கம்பியைப் பிடித்து ஏறி வந்திருந்தார். இருவர் கையும் ஒரு சாண் இடைவெளியில் நின்றன.

“ஏறுறவங்களுக்கு வழி விடணும் சம்பந்தி.”

“இறங்குறவதான் விழுவா. பதிவுலயே இருக்கு.”

இருவரும் கையை எடுப்பதாக இல்லை. மாமா நின்றுவிட்டார். நின்றதும் முழங்கால் உதற ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்தார். உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அக்கா கம்பி இல்லாத பக்கமாக அவரைக் கடந்து இறங்கினார். மருந்துக்கடை அம்மாவின் கையைக் கம்பியிலிருந்து விரல் விரலாக எடுத்து, தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, அவரை எதிர்ச் சுவரோரம் நகர்த்தினார். அதைப் பார்த்த மரக்கடைக்காரர் தாமாகவே கையை எடுத்து முதுகை அதே சுவரில் ஒட்டிக்கொண்டார். மாமா கம்பியை விடாமல், யாரையும் பார்க்காமல், மூவரையும் தாண்டி இறங்கிப் போனார். கீழே கடைக் கதவு தூக்கும் சத்தம் கேட்கும்வரை மருந்துக்கடை அம்மாவின் கை அக்காவின் தோளிலேயே இருந்தது.

உங்கள் ஊர் அலுவலகத்திலும் ஓரமாக ஒரு குட்டி மேசை இருக்கும். அதில் யாராவது குனிந்து எழுதிக்கொண்டிருந்தால், இந்தக் கதையை அவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். அவர் வழியாக இன்னும் நாலு பேருக்குப் போகட்டும்.