மகள் ஏற்றுக்கொண்ட என் தவறு

என் மகள் ஷெரின் ஊடகவியலில் முதுகலை படிக்க ஆசைப்பட்டாள். காக்ஸ் டவுனில் உள்ள எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவன் நான். அவள் கேட்டது வானொலிப் பிரிவு. அதில் வேலை கிடைக்காது என்று நானே முடிவு செய்து, அவளிடம் சொல்லாமல் விளம்பரப் பிரிவைப் போட்டுவிட்டேன்.

நேர்காணலுக்கு என்னையும் உள்ளே அழைத்தார்கள். விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரை முழுக்க வானொலியைப் பற்றி எழுதிவிட்டு விளம்பரத்தை ஏன் கேட்டிருக்கிறாய் என்று பேராசிரியை கேட்டார். ஷெரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஸாரி மேம், நான்தான் தப்பா செலக்ட் பண்ணிட்டேன்."

ஒரு விண்ணப்பத்தைக்கூடக் கவனமாக நிரப்பத் தெரியாதா என்று அவர் கடிந்துகொண்டார்.

வெளியே வந்ததும், "ஏம்மா, அப்பாதான் போட்டார்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"உங்களை எப்படிப்பா அவங்க முன்னாடி விட்டுக்கொடுக்கிறது?"

கூனிக் குறுகிப்போனேன். உடனே திரும்பிப் போய்ப் பேராசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். பிரிவை மாற்றித் தந்தார்.

இப்போது சின்னவன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான். கேட்டால் மட்டும் எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். எந்தப் படிப்பு என்பதை அவனே நிரப்புகிறான்.