தறி மேஸ்திரியைத் துரத்திய நாவல்

ஏமஸ் ஹார்ட்லியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்றுதான் ஹெட்டி கிளெக் நாவல் எழுத உட்கார்ந்தாள். இலக்கிய ஆசையெல்லாம் பிறகு வந்தது.

ஏமஸ், இங்கிலாந்தின் கிராக்‌ஷா ஊர்ப் பஞ்சாலையில் தறி மேஸ்திரி; தறிகளைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் மேடையில் ஆணும் பெண்ணும் சமம் என்று முழங்குவான்; திங்கட்கிழமை தறிக்கூடத்தில் இளம்பெண்களின் இடுப்பில் கை வைப்பான். ஹெட்டியின் தங்கை அய்வி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தறி பழுதானபோதெல்லாம் அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. துணி கெட்டது, அபராதம் விழுந்தது, கடைசியில் வேலையும் போனது. அதே ஆலையில் நெசவு செய்த ஹெட்டி தொழிற்சங்கத்தில் முறையிட்டாள். அங்கே விசாரிக்க உட்கார்ந்திருந்தவனும் ஏமஸ்தான்.

“உன் தங்கச்சிக்குக் கை ஓடலைம்மா. அதுக்கு நான் என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டு, வாயிலிருந்த பெப்பர்மிண்டை மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டான். கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவளை உறங்கவிடவில்லை. வியாபார மந்தத்தில் ஆலை மூடிக்கிடந்தபோது பொது நூலகத்தில் குளிர்காயும் கணப்பின் பக்கம் இடம்பிடித்து எழுதினாள். மேஸ்திரிக்குப் பெயரை மட்டும் மாற்றினாள். நடை, பேச்சு, பெப்பர்மிண்ட் எல்லாம் அப்படியே இருந்தன.

தொழிலாளர் கதைகளை வெளியிடும் லண்டன் பதிப்பாளர் ஒருவர், அவள் அனுப்பியதைப் படித்துவிட்டு, அவளை மான்செஸ்டருக்கு வரச்சொன்னார்.

“நல்லா வந்திருக்கு தோழர். ஆனா கெட்டவன் முதலாளியா இருக்கணும். நம்ம ஆளையே நாம அடிச்சா எதிரிக்குத்தானே கொண்டாட்டம்?”

“முதலாளி கார்ல போறதை எப்பவாவது பாத்திருக்கேன். இவனைத்தான் தினமும் பாத்தேன். போடுறதா இருந்தா இவனோட போடுங்க.”

முனகிக்கொண்டே போட்டார்கள். கிராக்‌ஷா நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்குப் பெண்கள் வரிசை கட்டினார்கள். ஆலை மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். தறிச் சத்தத்தில் நெசவுக்காரிகள் உதட்டசைவில்தான் பேசிக்கொள்வார்கள். ஏமஸ் நடந்து போனால் இரு பக்கமும் உதடுகள் அசையும்: “கை ஓடலைம்மா.” அவன் சட்டென்று திரும்பினால் எல்லாரும் நூலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஹெட்டியின் வாசலில் வந்து நின்றான்.

“என் பேரைக் கெடுத்துட்டே. கோர்ட்டுக்கு இழுப்பேன்.”

“இழுங்க மேஸ்திரி. கூண்டுல ஏறி, பொண்ணுங்க இடுப்பைப் பிடிக்கிறவன் நான்தான்னு சொல்லுங்க. நான் மறுக்க மாட்டேன்.”

 அவன் மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தனியாகத் தெருவில் இறங்கிப் போனாள்.

அடுத்த சங்கத் தேர்தலில் பெண்கள் ஒருத்தரும் அவனுக்குக் கை தூக்கவில்லை; பதவி போனது. அவன் ஊரை விட்டு ஓல்டாமிலிருந்த தம்பி வீட்டுக்கு ரயிலேறிய அன்று, ஹெட்டி இருப்பதிலேயே நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவன் கண்ணில் படும்படி நடைமேடையில் நின்றாள்.

புத்தகம் எழுதியவள் என்று அவளையும் எந்த ஆலையும் திரும்பச் சேர்க்கவில்லை. ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். அதை அவள் பொருட்படுத்தவில்லை. அய்வி சொன்னதுதான் தைத்தது.

“அவனை எழுதினே, சரி. என்னையும் எழுதினியே, ஒரு வார்த்தை கேட்டியாக்கா? இப்ப ஊர்ல எல்லாரும் என் இடுப்பைத்தான் பாக்குறாங்க.”

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே.”

“ஆமா. சொல்லியிருப்பேன்.”

அய்வி பிளாக்பூலில் ஒரு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பிய புத்தகம் கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தது. ஹெட்டி அன்றும் ஏமஸைத்தான் சபித்தாள். தங்கை பிரிந்துபோன பழியையும் அவன் தலையிலேயே போட்டுவிட்டு, அடுத்த நாவலுக்குத் தாள் வாங்கப் போனாள்.