வெர்லீன் டாக்கெட் சொன்ன புதையல்

வெர்லீன் டாக்கெட்டுக்கு ஐம்பத்தொரு வயது. பள்ளி நடக்கும் மாதங்களில் கட்லர் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுவார். கோடையில் பன்னிரண்டு பேர் உட்காரும் பழைய வேனில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு, விச்சிட்டா மலைக் காப்புக்காட்டில் காட்டெருமை காட்டப் போவார். தனியார் வண்டிக்கு அங்கே அனுமதிச் சீட்டு வேண்டும். அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வாய் அப்படி. கணவர் டேல் குடித்துவிட்டு அடிப்பவர். அந்த நாட்களைப் பற்றி யாராவது இரக்கமாகக் கேட்டால், "அவன் ரெண்டு குடுத்தா நான் ஒண்ணு குடுப்பேன். அவனுக்கு எண்ணத் தெரியாது, அதனால சமமாப் போச்சு" என்பார். ஆனால் அது சமமாக இருந்ததில்லை. டேல் நெருப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்த அன்று, டேலின் தம்பி ராய்ஸ் குறுக்கே வந்து நின்றார். ராய்ஸின் இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. நான்கு வருஷத்துக்கு முன் கல்குவாரியில் வெடி முந்திக்கொண்டு வெடித்து டேல் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. வெர்லீனுக்கு மிச்சம் இருந்த உறவு ராய்ஸ் ஒருவர்தான்.

வேனில் ஏறியதும் அவர் முதலில் சொல்வது வாலைப் பற்றி. "தலையைப் பாக்காதீங்க, வாலைப் பாருங்க. தொங்கிக்கிட்டு இருந்தா அது பாட்டுக்கு மேயும். செங்குத்தா நின்னுச்சுன்னா உங்க மேல வரப்போகுது. எறங்கிப் பக்கத்துல போயி போட்டோ எடுக்கணும்னு நெனச்சீங்கன்னா, அதுக்கு முன்னாடி யாருக்குத் தகவல் சொல்லணும்னு என்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

பிறகு புதையல் கதை. எங்கள் பக்கம் மலை என்றால் புதையலும் சேர்ந்துதான் வரும். பட்டாளத்துச் சம்பளத் தங்கத்தைக் கொள்ளையடித்த நான்கு பேர் இந்த மலைக்குள் ஓடிவந்தார்கள். துரத்தியவர்கள் நெருங்கியதும் தங்கத்தைப் புதைத்தார்கள். அதைச் சுமந்து வந்த ஏழு கோவேறு கழுதைகளின் கழுத்தை அறுத்து மேலே போட்டு மூடினார்கள். பிறகு பங்கு பெரிதாகட்டும் என்று ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். தப்பியவன் ஒருவன். அவனுக்கும் தாடையைக் குண்டு கொண்டுபோய்விட்டதால் இடத்தைச் சொல்ல வாயில்லை.

இதுவரை ஊரே சொல்லும் கதை. இதற்கு மேல் வருவது வெர்லீனுடையது. பிளந்த பாறைக்குக் கிழக்கே, சாலையிலிருந்து தெரிகிற மாதிரி ஒரு பெரிய மண் குழி உண்டு. காட்டெருமைகள் புரண்டு புரண்டு உண்டாக்கியது. ஒருநாள் வேனிலிருந்த ஒரு சிறுமி அங்கே ஏன் புல் இல்லை என்று கேட்டாள். வெர்லீன் யோசிக்காமல் சொன்னார்: "செத்த கழுதைங்க மேல புல்லு வராது கண்ணு. ஒருதரம் தோண்டின மண்ணு இளகியே கெடக்கும். எருமைங்களுக்கு அது தெரியும். அதனாலதான் அங்க வந்து பொரளுது." வேன் முழுவதும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வு அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் சொன்னார்.

ஒரு வருஷத்துக்குள் அது ஹாய்ட் புரூயிட்டின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தது. ஹாய்ட் அதைத் தன் தாத்தா சொன்னதாகவே சொல்ல ஆரம்பித்தார்.

ஹாய்ட் கடையில் சனிக்கிழமைக் காலையில் புதையல் பேசுவார்கள். அங்கே ஒரு விதி இருக்கிறது. ஒருவர் சொல்லும் புதையலை இன்னொருவர் பொய் என்று சொல்லக் கூடாது. நான் பிறப்பதற்கு முன் ஒருவர் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். கதை சொன்னவர் வாசலில் காத்திருந்து, டயர் கழற்றும் கம்பியால் சிரித்தவர் முகத்தில் அடித்தார். கண் ஒன்று போனது. அதன்பிறகு யாரும் மறுப்பதில்லை. பிடிக்காவிட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராய்ஸ் எழுந்து பேசினார். "பிளந்த பாறைக்குக் கிழக்க அந்தக் குழிதான். வேலி ஓரமா நடந்தப்ப ஒரு பட்டாளத்து பெல்ட் கொக்கி கெடச்சுது. டேலும் சாகுறதுக்கு முன்னாடி அந்த எடத்தைத்தான் சொன்னான்."

"டேலா?" என்றார் ஹாய்ட். "அவன் லாரிச் சாவிய எங்க வச்சான்னு அவனுக்கே தெரியாதே."

"மறுக்கிறியா?"

"யாரு மறுத்தா? பிஸ்கட் ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவான்னுதான் கேட்டேன்."

ராய்ஸ், வெர்லீன் உட்கார்ந்திருந்த மூலை மேசைப் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்க தெனம் அந்த வழியாப் போறீங்க. அந்தக் குழி எப்பவாவது புல்லுப் பிடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல" என்றார் வெர்லீன். அது உண்மைதான். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பத்துப் பேர் முன்னால் ராய்ஸை முட்டாளாக்க அவருக்கு மனம் வரவில்லை. விதியும் இருந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு வெண்டைக்காய் வறுவலைச் சாப்பிட்டார். இது வெறும் பேச்சோடு போய்விடும் என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

ஆகஸ்டில் கடாக்கள் பெண் எருமைகளுக்காகச் சண்டை போடும். அந்த மாதத்தில்தான் வேன் நிறையும். என் அம்மாவின் உறவுக்காரர்கள் வந்திருந்ததால் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அவர்களோடு போனேன். காலை எட்டு மணி. ஓடைக்கு அப்பால் இரண்டு கடாக்கள் மோதிக்கொண்டிருந்தன. மண்டையும் மண்டையும் இடிக்கிற சத்தம் மூடிய வேனுக்குள் கேட்டது. கிழட்டுக் கடா ஒருமுறை காலிடறியது. இளையது உடனே பக்கவாட்டில் கொம்பை ஏற்றிக் கிழித்தது. விலாவிலிருந்து தோல், கிழிந்த சட்டைத் துணி மாதிரி தொங்கியது. கிழட்டுக் கடா திரும்பி, ஓடையைக் கடந்து, எங்கள் பக்கமாக நடந்தது. மூக்கிலிருந்து ரத்தநுரை வழிந்தது.

"தோத்தது எங்க போகும்?" என்று என் மாமா கேட்டார்.

"அதோட குழிக்கு. போயிப் பொரண்டு, யாரு மேல கோபத்தக் காட்டலாம்னு பாக்கும்" என்று வெர்லீன் கையை நீட்டினார். கை அப்படியே நின்றது. குழிக்குள்ளிருந்து மண் பறந்து வெளியே விழுந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு தொப்பி தெரிந்தது.

மந்தை ஓடைக்கு அப்பால் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ராய்ஸ் இறங்கியிருக்கிறார். நெஞ்சளவு தோண்டிவிட்டார்.

வெர்லீன் ஹாரனை அழுத்திப் பிடித்தார். ராய்ஸ் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், பின்னால் வருவதைப் பார்க்கவில்லை. கடாவின் வால் எழுந்தது. "கம்பியப் பிடிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெர்லீன் வேனைச் சாலையிலிருந்து புல்லுக்குள் இறக்கினார். அங்கே சக்கரம் வைத்தாலே அனுமதிச் சீட்டு போய்விடும்.

கடா முந்திக்கொண்டது. ராய்ஸ் குழியிலிருந்து பாதி ஏறியபோது கொம்பு அவருடைய தொடையில் இறங்கியது. அவரைத் தூக்கித் தலைக்கு மேல் வீசியது. அவர் விழுந்த இடத்துக்கே மறுபடி வந்தது. வேன் அதன் தோளில் போய் இடித்தது. கண்ணாடி நொறுங்கி எங்கள் மடியில் விழுந்தது. கடா பின்வாங்கி வேனை இடித்தது. கதவு உள்ளே மடங்கி, என் மாமாவின் முழங்கையை உடைத்தது. மூன்றாவது முறை இடித்துவிட்டு, அந்தக் கடா மூச்சிரைத்தபடி நின்று, பாறைப் பக்கம் நடந்துபோனது.

வெர்லீன் இறங்கி ஓடினார். ராய்ஸின் தொடையிலிருந்து ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. தன் பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டி, காயத்தின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

ராய்ஸ் சிரித்தார். "அண்ணி, மம்மட்டி எதுலயோ பட்டுச்சு. டங்குன்னு. இங்க யாரையும் விடாதீங்க. நீங்க காவலுக்கு நில்லுங்க."

"அது கல்லு."

"கல்லுச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"ராய்ஸ், அந்தக் குழியில ஒண்ணும் இல்ல. அந்தக் கதைய நான்தான் கட்டினேன். ஒரு சின்னப் பொண்ணு கேட்டா, வாயில வந்ததச் சொன்னேன்."

ராய்ஸ் அவரையே பார்த்தார். "அன்னிக்குக் கடையில கேட்டேனே" என்றார். பிறகு முஷ்டியால் அவர் வாயில் குத்தினார். படுத்திருந்தவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மறுபடியும் குத்தினார். வெர்லீனின் உதடு கிழிந்து ரத்தம் ராய்ஸின் நெஞ்சில் சொட்டியது. நான் ராய்ஸின் கையைப் பிடிக்கப் போனேன். "விடு தம்பி, அடிக்கட்டும். நீ அந்தக் காலைத் தூக்கிப் பிடி" என்றார் வெர்லீன். முழங்காலை அவர் எடுக்கவில்லை. வேனிலிருந்தவர்கள் போனில் அழைத்த ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் வரும்வரை இருபத்தாறு நிமிஷம் அப்படியே இருந்தார்.

காப்புக்காட்டு அதிகாரிகள் அனுமதிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை வெர்லீன் ஹாய்ட் கடைக்குப் போய், வீங்கிய வாயோடு எல்லோரிடமும், அந்தக் கதையைக் கட்டியது தான்தான் என்று சொன்னார். ஹாய்ட் முகம் சிவந்தார். தன் தாத்தாவைப் பொய்யர் என்கிறாரா என்று கேட்டு, சூடான காபியை அவர் கையில் ஊற்றினார். வெர்லீன் கையை மேல்சட்டையில் துடைத்துவிட்டு, இன்னொருமுறை முதலிலிருந்து சொன்னார். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், தங்கத்தைத் தனியாக எடுக்கப் பார்க்கிறார் என்று இன்றும் பேசுகிறார்கள்.

ராய்ஸ் பிழைத்துவிட்டார். கால் மடங்காது. வீட்டில் கட்டு மாற்ற ஆள் இல்லை. வெர்லீன் தினமும் பேருந்தை நிறுத்திவிட்டுப் போகிறார். ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் போனபோது நானும் பார்த்தேன். ராய்ஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெர்லீன் பழைய துணியை உரித்ததும், ராய்ஸ் கையை நீட்டி அவருடைய காபி கொட்டிய கையைப் பிடித்து, கொப்புளத்தின் மேலேயே நசுக்கினார்.

"வலிக்குதா அண்ணி?"

"வலிக்குது."

ராய்ஸ் விடவில்லை. வெர்லீனும் உருவிக்கொள்ளவில்லை. மற்ற கையால் மருந்தைத் தடவி, துணியின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினார்.